உழவர் குடியில் பிறந்த முதல்வர்
(நெரவியில் நடைபெற்ற விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர், நயினார் குடும்பங்கள் பலவற்றிற்கும் அயலூரே ஆகும். மேல்சித்தாமூர்த் திருமடம் அமைந்த அதே விழுப்புரம் மாவட்டத்து ஊர். அங்கு 1895-இல் உழவர் குடியில் பிறந்தவர் ராமசாமி ரெட்டியார். காந்தியடிகளின் வழிநின்று விடுதலைப் போரில் ஈடுபட்ட அவர், 1947 மார்ச்சில் சென்னை மாகாண முதலமைச்சரானார். ஆகஸ்டு 15 அன்று நாடு விடுதலை பெற்றபோது மாகாணத்தின் பொறுப்பு அவர் கையில்தான் இருந்தது.

கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தில் நிறைவேறியவை. அவற்றைப் பலரும் அறிவர். உழவர்க்கு அவர் செய்தது அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. 1802-ஆம் ஆண்டின் நிலையான வரி ஏற்பாட்டின்படி, ஜமீன்தார் அரசுக்குச் செலுத்தும் பேஷ்குஷ் தொகை மாறாதது. உழவரிடம் தண்டிய வாரத்திற்கோ அத்தகைய வரையறை இல்லை. இடைப்பட்டதெல்லாம் ஜமீனின் ஆதாயம். ஓமந்தூரார் அரசு 1947-இல் முதலில் அவ்வாரத்தைக் குறைத்தது. அண்டையிலுள்ள ரயத்துவாரி ஊர்களின் தீர்வை அளவிற்கு அதனை இறக்க வழி செய்தது. மறு ஆண்டே ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன்தார்க்கு இழப்பீடு, குடியானவர்க்குப் பட்டா. தலைமுறை தலைமுறையாக ஜமீன் கச்சேரி வாசலில் கைகட்டி நின்றவர், இனி அரசுக்கு நேரே தீர்வை செலுத்தும் பட்டாதாரர் ஆனார்.

இதன் குறையையும் சொல்லத்தான் வேண்டும். காவிரிப் படுகையில் ஜமீனினும் மிராசே மிகுதி. ஆதலால் இங்குள்ள பண்ணையாளுக்கு அச்சட்டத்தால் பெரும்பயன் விளையவில்லை. தஞ்சை மாவட்டக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல், ராஜாஜியின் ஆட்சியில்தான் பிறந்தது. நெரவிக்கோ அதுவும் எட்டவில்லை. 1954 நவம்பர் 1 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. எல்லைக்கு அப்பால் எழுதிய சட்டம் இப்பக்கத்து வயலில் செல்லாது; நீர் மட்டும் எல்லை பாராமல் பாய்ந்தது.

கட்சிக்காரர் கொண்டுவரும் பரிந்துரைகளுக்கு இணங்காதவர் என்று ஓமந்தூரார் பெயர் பெற்றிருந்தார். கட்சிக்குள் எதிர்ப்பு வளர்ந்தது. ஒருசிலரைச் சரிக்கட்டியிருந்தால் பதவி நீடித்திருக்கலாம்; அவருக்கு அது கைவராத கலை. 1949 ஏப்ரலில் பதவியை விட்டு விலகினார், பி. எஸ். குமாரசாமி ராஜா முதல்வரானார்.

பின்னர் வள்ளலாரின் நெறியில் தோய்ந்து வடலூர் சேர்ந்தார். அங்குச் சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, பிள்ளைகளின் கல்வியிலும் ஆதரவற்றோர் நலனிலும் கருத்தைச் செலுத்தினார். 1970-இல் மறையும்வரை அவருடைய பணி அதுவாகவே இருந்தது.