யார் அந்த அடங்காத நாடு?



கொரியாக்காரன் குண்டு வெடித்தால் கொல்லிமலைக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

வடகொரியா 2003இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை உதறியது. 2006 தொடங்கி 2017க்குள் ஆறு முறை வெடித்துப் பார்த்தது. உலகம் அதை ஊர்விலக்கு செய்து வைத்திருக்கிறது. நம் டி.வி.க்காரர்கள் அதன் தலைவர் கிம் ஜோங் உன்னின் தலைமுடியைக் காட்டிச் சிரிக்கிறார்கள். சிரியுங்கள் ஐயா! அதே ஊர்விலக்கு ஒரு காலத்தில் நமக்கும் நடந்தது.

1974 மே 18, பொக்ரான். அணுகுண்டை வெடித்துவிட்டு, 'அமைதிக்கான வெடிப்பு' என்றோம். தீபாவளிக்குக்கூட அப்படி யாரும் சொன்னதில்லை! (சிரிப்பு) அதற்குப் புளுட்டோனியம் எங்கிருந்து வந்தது? அமைதிப் பணிக்கு என்று சொல்லிக் கனடாவிடம் வாங்கிய சைரஸ் உலையிலிருந்து. கனடா அணுத்துறை உறவை முறித்தது. அமெரிக்கா தாராப்பூருக்கு எரிபொருளை நிறுத்தியது. அணுப்பொருள் விற்கும் நாடுகள் சங்கம் வைத்துக் கதவைச் சாத்தின. நம் கல்பாக்கம் முதல் உலை இயங்க 1983 ஆயிற்று.

1998 மே மாதம் மறுபடி ஐந்து வெடிப்பு. அதே மாதம் 28ஆம் தேதி பாகிஸ்தான் சாகாய் மாவட்ட மலையில் பதில் சொல்லிவிட்டது. "குண்டு இருந்தால் எவனும் வாலாட்ட மாட்டான்" என்றார்களே, அடுத்த ஆண்டு மே மாதமே கார்கில் போர்! நம் திருச்சி மேஜர் சரவணன் படாலிக் பனியில் விழுந்தார். 527 வீரர்களைப் பறிகொடுத்தோம். அந்தக் குண்டு எந்தப் பெட்டியில் தூங்கியது?

"குண்டு வெடித்த பிறகுதான் உலகம் மதித்தது" என்பார்கள். கதவைச் சாத்தியவர்களே 2008இல் திறந்தார்கள், உண்மை. எதற்கு? உலை விற்க, யுரேனியம் விற்க. மதித்தது நம் மடிப்பணத்தை. வடகொரியாவிடம் மடி காலி, அதனால் அது ரவுடி நாடு! (கைதட்டல்)

கிம்முக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1990களின் பஞ்சத்தில் அங்கே லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தபோதும் பட்டாளத்துக்குத்தான் முதல் பந்தி. இங்கே மட்டும் என்ன? பாதை இல்லாத ஊரில் பிரசவ வலி கண்டவளைத் தூளி கட்டித் தூக்கி வருகிறீர்கள். ரோடு கேட்டால் நிதி இல்லை. ஏவுகணைக்கு என்றைக்காவது நிதி இல்லை என்று கேட்டதுண்டா?

ஆயுதம் மட்டும் காப்பாற்றாது என்பது இந்த மலைக்கே தெரியும். இதை ஆண்ட ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன். அவனைக் கொன்று, இந்தக் கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் காரி என்ற பக்கத்து மன்னன். வில்லில் குறைவா? இல்லை. பக்கத்தில் இருந்தவர்களோடு பகை.

2017இல் ஐ.நா. மன்றத்தில் 122 நாடுகள் அணு ஆயுதத் தடை உடன்படிக்கைக்கு வாக்களித்தன. இந்தியா அந்தப் பேச்சுவார்த்தைப் பக்கமே போகவில்லை, வடகொரியாவும் போகவில்லை. அடுத்த தேர்தலில் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஓட்டுக் கேட்க வருவார்களே, முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: ஏன் போகவில்லை?