பாதை பிரியும் இடம்



நகரப் போக்குவரத்தின் தொழில்நுட்ப வரலாறு இந்தக் கருத்தரங்கின் பொருள். தலைமையுரையில் முழு வரலாற்றையும் தொட்டுக்காட்டுவது மரபு. அதை இன்று நான் செய்யப்போவதில்லை. மின் டிராம் ஓடத் தொடங்கிய காலத்தில், தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் தெருவுக்கு அடியில் புதைத்து வைத்த ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஓட்டுநர் கீழே இறங்காமல், வண்டியை நிறுத்தாமல், வேண்டிய பக்கம் பாதையைத் திருப்பிக்கொள்ள உதவிய மின் பாயிண்ட் அது.

டிராமே ஓடாத பெங்களூரில் டிராம் பாயிண்டைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். நாக்ஸ்பேட்டை என்று முன்னாளில் அழைக்கப்பட்ட இந்த மர்பி டவுன், கண்டோன்மென்ட் காலத்துப் பொறியாளர் மர்பியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உழைப்பாளிகளுக்காக எழுந்த குடியிருப்பு இது. இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இந்த நகரத்தின் சாலையையும் சாக்கடையையும் தண்ணீர்க் குழாயையும் தம் கையால் செய்தவர்கள். மின்சாரத்தின் கதையும் இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல. 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் 147 கிலோமீட்டர் தூரம் கடந்து கோலார் தங்கவயலுக்குப் போனது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டு வட மாவட்டங்களிலிருந்து போனவர்கள். 1905 ஆகஸ்டில் அதே மின்சாரம் பெங்களூர்த் தெருவில் விளக்காக எரிந்தது. தொழில்நுட்ப வரலாற்றைப் பொறியாளரின் மேசையிலிருந்து மட்டும் பார்க்காமல், கருவியைக் கையில் பிடித்தவரின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும் என்றால், அதைப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

தமிழ் மண்ணில் மின் டிராமின் தொடக்கம் சென்னை. 1895 மே 7 அன்று அங்கே ஓடியதுதான் இந்தியாவின் முதல் மின் டிராம். கொல்கத்தாவுக்கு அது வந்தது 1902இல், பம்பாய்க்கு 1907இல். சென்னையின் முதல் வண்டிகளுக்கு மேலே கம்பி கிடையாது. சாலைக்கு அடியில் ஒரு கால்வாய் எடுத்து, அதற்குள் மின்கடத்தியை வைத்து, சாலைப் பரப்பில் ஒரு குறுகிய பிளவு விட்டிருந்தார்கள். வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு தகடு அந்தப் பிளவின் வழியே இறங்கி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். தெருவில் கம்பமும் கம்பியும் இல்லாத அழகான ஏற்பாடு. ஆனால் சென்னையின் வடகிழக்குப் பருவமழை அந்த அழகைப் பார்த்து ஒதுங்கிப் போகவில்லை. கால்வாயில் தண்ணீர் நிறைந்தது, மின்கசிவு ஏற்பட்டது, வண்டி நின்றது. சில ஆண்டுகளுக்குள் கால்வாயைக் கைவிட்டுத் தலைக்கு மேல் கம்பி கட்டினார்கள்.

இந்த மாற்றத்தை வரலாற்றாசிரியர்கள் மழையின் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாதை பிரியும் இடத்திலிருந்து பார்த்தால் இதில் இன்னொரு செய்தி தெரியும். கால்வாய் முறையில் தண்டவாளத்தை மட்டும் திருப்பினால் போதாது. தகடு போகும் பிளவும் அங்கே இரண்டாகப் பிரிகிறது. சக்கரம் ஒரு பக்கமும் தகடு இன்னொரு பக்கமும் போனால் தகடு முறிந்துவிடும். ஆகவே இரண்டு பாயிண்டுகளும் ஒன்றோடொன்று பிணைந்து அசைய வேண்டும். மேல் கம்பிக்கு வந்த பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. கம்பி பிரியும் இடத்தில் அசையும் பாகம் எதுவும் தேவைப்படவில்லை. வண்டி எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கத்துக் கம்பியை, கூரைமேல் இருக்கும் டிராலிக் கம்பத்தின் சக்கரம் தானாகவே பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியமானது, மேல் கம்பியில் ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சக்கரம் எப்போது தொடுகிறது, அந்த நொடியில் வண்டி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை இப்போது அளக்க முடிந்தது. மின் பாயிண்ட் பிறந்தது இந்த வசதியிலிருந்துதான்.

அதற்கு முன் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். டிராம் தண்டவாளம் சாலைப் பரப்போடு சமமாகப் பதிந்திருக்கும். பிரியும் இடத்தில் ஒரு பக்கத் தண்டவாளத்தின் பள்ளத்துக்குள், கூர்முனை கொண்ட எஃகுத் துண்டு ஒன்று கிடக்கும். அதை நாக்கு என்பார்கள். நாக்கு இந்தப் பக்கம் ஒட்டினால் நேர்ப்பாதை, அந்தப் பக்கம் ஒட்டினால் கிளைப்பாதை. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, ஒரு நீண்ட இரும்புக் கம்பியை நாக்கின் ஓரத்து இடுக்கில் செருகி நெம்புவார். நெரிசலான சந்திப்பில் அதற்கென்றே ஒரு பாயிண்ட்ஸ்மேன் நிற்பார். வெயிலும் மழையும் அவர் தலையில்தான். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் கைவண்டியும் தாண்டிப் போகும் நடுத்தெருவில் குனிந்து நிற்பது அவர் வேலை. பள்ளத்தில் சேரும் மண்ணையும் சாணியையும் கல்லையும் சுரண்டி எடுப்பதும் அவர் வேலைதான். நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு சிறு கல் சிக்கினாலும் வண்டி தடம் புரளும்.

அமெரிக்க நகரங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஆளின் கூலியும், ஒவ்வொரு வண்டியும் நின்று புறப்படும் நேரமும் கம்பெனிகளுக்குப் பெரிய கணக்காகிவிட்டன. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் சீத்தம் என்ற பெயரில் ஒரு நிறுவனம் மின் பாயிண்டுக்காகவே நடந்தது. அதன் இயக்கம் எளிமையானது. அந்த எளிமையில் ஒரு மேதைமை இருப்பதாக நான் நினைக்கிறேன்.

பாயிண்டுக்குச் சற்று முன்பாக, மேல் கம்பியில் ஒரு தொடுசட்டத்தை மாட்டுவார்கள். டிராலிச் சக்கரம் அங்கே வந்ததும் கம்பியை விட்டு, இருபுறமும் உள்ள தனித் தகடுகளின் மேல் ஏறி ஓடும். அந்த நேரத்தில் வண்டிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் ஒரு கம்பிச்சுருளின் வழியாகத்தான் போக வேண்டும். வண்டியின் மின்னழுத்தம் 500 முதல் 600 வோல்ட். ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பி மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்திருந்தால், பல பத்து ஆம்பியர் அந்தச் சுருளில் பாயும். சுருள் வலிமையான காந்தமாகி, தெருவுக்கு அடியில் உள்ள பெட்டியில் இரும்புத் தண்டை இழுத்து நாக்கைத் திருப்பிவிடும். ஓட்டுநர் மின்சாரத்தை நிறுத்தி வண்டியைச் சும்மா உருள விட்டால், உள்ளே எரியும் விளக்குகளுக்குரிய சொற்ப மின்சாரம் மட்டுமே பாயும். ஐந்து விளக்குகளைத் தொடராகக் கோத்து 550 வோல்ட்டில் எரியவிடுவது அக்கால வழக்கம். அந்த மின்சாரத்துக்குச் சுருள் அசையாது. அப்போது இன்னொரு சுருள் வேலை செய்து நாக்கை மறுபக்கம் தள்ளும். மின்சாரம் இழுத்தபடி போனால் ஒரு பாதை, இழுக்காமல் உருண்டு போனால் மற்றப் பாதை. ஓட்டுநரின் கையிலிருந்த அதே கைப்பிடி இரண்டாவது ஒரு வேலையையும் செய்யத் தொடங்கியது. புதிய கம்பியோ பொத்தானோ வண்டிக்குள் வரவே இல்லை.

இதன் சிக்கல்கள் எல்லாமே தெருவில் தெரிந்தவை. டிராலிச் சக்கரம் வண்டியின் நடுப்பகுதிக்குப் பின்னால் ஓடும், முன்சக்கரமோ அதற்கு வெகுதூரம் முன்னால் இருக்கும். ஆகவே தொடுசட்டத்தைப் பாயிண்டுக்கு வெகுமுன்னதாகவே மாட்ட வேண்டும். ஒரே பாதையில் குட்டை வண்டியும் நெட்டை வண்டியும் ஓடினால் அந்தத் தூரத்தைக் கணக்கிடுவது கடினம். இறக்கத்தில் மின்சாரம் கொடுத்தால் வண்டி பாயும். ஆகவே ஓட்டுநர் ஒரு கையால் பிரேக்கைப் பிடித்தபடி மறு கையால் மின்சாரம் கொடுப்பார். குளிர்நாட்டு வண்டிகளில் கணப்பு அடுப்புகளும் மின்சாரம் இழுத்ததால், உருளும் வண்டியையும் ஓடும் வண்டியையும் சுருள் பிரித்தறியத் தடுமாறியது. நெரிசலில் வண்டி தொடுசட்டத்தின் கீழேயே நின்று மின்சாரம் இழுத்தால் சுருள் கருகும். பெட்டிக்குள் மழைத் தண்ணீர் தங்கினால் தண்டு துருப்பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் வடிகால் தேவைப்பட்டது.

எல்லாவற்றிலும் கொடிய ஆபத்து வேறொன்று. முன்னே போன வண்டி இன்னும் முழுதாகப் பாயிண்டைக் கடக்கவில்லை, பின்னால் ஒட்டி வந்த வண்டி தொடுசட்டத்தைத் தொட்டுவிடுகிறது. நாக்கு திரும்பிவிடும். முன்வண்டியின் முன்சக்கரங்கள் நேர்ப்பாதையிலும் பின்சக்கரங்கள் கிளைப்பாதையிலும் போய், வண்டி குறுக்கே நின்று தெருவையே அடைத்துவிடும். இதைத் தடுக்கப் பூட்டுச் சுற்றுகளைப் பிற்பாடு சேர்த்தார்கள். ஆனாலும் நாக்கு உண்மையிலேயே தண்டவாளத்தோடு ஒட்டிவிட்டதா என்று சொல்லும் வழி அந்தத் தொடக்ககாலக் கருவியில் இல்லை. அதைப் பார்த்துச் சொன்னது ஓட்டுநரின் கண்.

இந்த உரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் கருத்து இதுதான். மின் பாயிண்ட் தொழிலாளியின் தீர்மானத்தை ஒழித்துவிட்டது என்று தொழில்நுட்ப வரலாறுகள் எழுதுகின்றன. அது சரியல்ல. தெருவில் கம்பியோடு நின்றவரிடமிருந்து அந்தத் தீர்மானம் வண்டி முகப்பில் நின்றவரிடம் இடம் மாறியது. தெருவில் நின்றவர் வேலை இழந்தார். முகப்பில் நின்றவருக்குப் பொறுப்பு கூடியது, கூலி அந்த அளவுக்குக் கூடவில்லை. டொரான்டோவில் மின் பாயிண்ட் வந்து எத்தனையோ தலைமுறைகள் ஆன பிறகும், பாதை பிரியும் இடத்தில் வண்டியை நிறுத்தி நாக்கைக் கண்ணால் பார்த்துவிட்டே போக வேண்டும் என்று ஓட்டுநர்களுக்கு விதி இருந்தது. கருவியின் குறையைப் பார்வையால் நிரப்பும் உழைப்பு அது. அதற்குச் சம்பளப் பட்டியலில் தனிப் பெயர் கிடையாது.

நம் நாட்டில் கதை வேறு. கொல்கத்தாவில் அண்மைக்காலம் வரை இரும்புக் கம்பியால் பாயிண்டை நெம்பித் திருப்பும் காட்சியைக் காண முடிந்தது. 2024இல் அங்கே மைதானத்துப் பாரம்பரியத் தடம் தவிர மற்றவற்றை நிறுத்துவதாக அரசு அறிவித்ததோடு அந்தக் கம்பிக்கும் முடிவு நெருங்கியது. நூறாண்டுக்கு மேல் அந்தக் கம்பி நீடித்ததற்குப் பின்தங்கிய அறிவு காரணம் என்று நான் கருதவில்லை. கூலி மலிவாக இருந்தவரை சுருளும் பெட்டியும் வடிகாலும் கம்பெனிக்கு லாபமாகத் தெரியவில்லை என்பதே என் கணிப்பு. ஒரு நாட்டில் ஒரு கருவி வராமல் போனதையும் வந்ததைப் போலவே ஆராய வேண்டும். அந்த ஆராய்ச்சி கூலிக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

சென்னைக்கு இது இன்னும் பொருந்தும். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது எழுந்த அலை டிராம் தொழிலாளரையும் எட்டியது. திரு.வி.க. போன்றவர்கள் அவர்களோடு நின்றார்கள். அந்தப் போராட்டங்களைக் கூலி, வேலைநேரம், பணிநீக்கம் என்ற தலைப்புகளில் நாம் படித்திருக்கிறோம். கைப்பிடி, பிரேக், பாயிண்ட் கம்பி என்ற தலைப்புகளில் இன்னும் படிக்கவில்லை. 1953 ஏப்ரல் 12 அன்று சென்னை டிராம் நின்றது. ராஜாஜி முதலமைச்சராக இருந்த காலம் அது. பாரிஸ் கார்னரிலும் மவுண்ட் ரோட்டிலும் புரசைவாக்கத்திலும் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தபோது நாக்குகளும் பழைய இரும்பாகப் போயின. அவற்றை இயக்கியவர்களின் அறிவு எழுத்துக்கு வராமலே போயிற்று. நமக்கு நேர்ந்த உண்மையான இழப்பு இது.

இப்போது பெங்களூருக்கு வருகிறேன். 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. சாலைக்கும் இடையே மெட்ரோ ஓடத் தொடங்கியது. நமக்கு அருகே அல்சூர் நிலையத்தைக் கடந்துபோகும் அந்த வண்டிகள் 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. அங்கே பாயிண்டைத் திருப்புவது மின்மோட்டார். நாக்கு ஒட்டிப் பூட்டிக்கொண்டதைக் கருவியே உறுதிசெய்த பிறகுதான் வண்டிக்கு வழி கிடைக்கும். பழைய ஓட்டுநரின் கண் செய்த வேலையில் பெரும்பகுதியை இந்தச் சரிபார்ப்புச் சுற்று எடுத்துக்கொண்டது. ஆனால் இரவில் வண்டிகள் நின்ற பிறகு பாதையில் இறங்கி, நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அழுக்கைத் துடைத்து, மசகு போடுபவர்கள் இன்றும் மனிதர்கள்தாம்.

ஆகவே கட்டுரை படிக்க வந்திருக்கும் இளைஞர்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் படிக்கும்போது கூடவே பராமரிப்புச் செலவுப் பட்டியலையும் படியுங்கள். பாயிண்டுக்கு ஆன செலவு, ஆளுக்கு ஆன செலவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் விபத்து விசாரணைத் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். யார் எங்கே நின்றார், எந்தக் கையால் என்ன செய்தார் என்பது விசாரணையில்தான் பதிவாகும். இந்தக் குடியிருப்பிலும் தங்கவயலிலும் ரயில்வே, மின்வாரியம், தொழிற்சாலை என்று வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கருவியைக் கையால் செய்து காட்டும்போது அதைப் படமாகவும் எடுங்கள், வாய்ச்சொல்லை மட்டும் பதிவு செய்தால் பாதிச் செய்தி நழுவிவிடும். இன்று பிற்பகல் அமர்வில் அப்படிச் சிலர் நம்மோடு உட்கார இசைந்திருக்கிறார்கள். கேள்விகளை அவர்களிடம் முதலில் கேளுங்கள், எங்களிடம் பிறகு கேட்கலாம்.

முதல் அமர்வு சென்னையின் கால்வாய் முறையையும் பருவமழையையும் பற்றியது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.