தகரமும் ஒரு பெயரும்



தொழில் மறைந்தபின் அதன் பெயர் பெரும்பாலும் அகராதிக்குள் ஒடுங்கிவிடும். அயர்லாந்தின் தகரக் கொல்லர்க்கு அந்த அமைதிகூடக் கிட்டவில்லை.

ஊரூராகச் சென்று வாழ்ந்த அந்நாட்டுப் பயண மக்களுள் ஆடவர் பலருக்குத் தகர வேலையே பிழைப்பு. பண்ணை வீட்டு வாயிலில் அமர்ந்து ஓட்டை வாளியை அடைப்பர். புதிய குவளையும் செய்வர். தகட்டைக் கண்ணளவாலேயே கத்தரித்து, சிறு பட்டறையில் வளைத்து, காய்ச்சிய இரும்பால் ஈயம் பற்றவைப்பர். விளிம்பை ஒரு கம்பியின்மேல் மடித்துப் பொதிவர். குடிப்பவர் உதடு கிழியாமல் இருப்பது அக்கம்பியால்தான். பால் வாளி, தேநீர்க் குவளை, விளக்கு யாவும் அவர்கள் கைப்பட்டவை. அரசின் கண்ணுக்குத் தப்பிய சாராய வடிகலன்களும் அவற்றுள் அடக்கம்!

அவர்களுக்கெனக் கேமன் என்றொரு மொழி உண்டு. ஐரிஷ் மொழியில் கதவு ‘தொரஸ்’, கேமனில் ‘ரொதஸ்’. சிறுமியைக் குறிக்கும் ‘கலீன்’ அங்கே ‘லக்கீன்’ ஆகிறாள். ஒலிகளை முன்பின்னாக்கிச் சொல் படைக்கும் இவ்வித்தை எந்த யாப்பு நூலிலும் கற்றதன்று. வீட்டுக்காரர் எதிரே நிற்கும்போதே தம்முள் பேசிக்கொள்ள அது உதவிற்று.

1950களிலும் 1960களிலும் மலிவான பிளாஸ்டிக் வாளிகள் வந்தன. ஓட்டை விழுந்தால் எறிந்துவிடலாம். அடைக்க ஆள் எதற்கு? கொல்லர் பலர் நகரங்களை நாடிப் பழைய இரும்பு சேகரித்தனர். ‘டிங்க்கர்’ என்னும் பெயர் மட்டும் பின்தொடர்ந்தது. ஜே. எம். சிங் தம் நாடகத் தலைப்பிலேயே வைத்த சொல் அது. 1909இல் இலண்டனில் அந்நாடகம் அரங்கேறியபோதும் அச்சொல்லில் ஏளனம் இருந்தது. ஆயினும் கூடவே சுத்தியலும் ஈயமும் இருந்தன. வேலை போனபின் ஏளனமே மிஞ்சியது. 1963இல் வெளிவந்த அரசுக் குழுவின் அறிக்கையோ, அவர்களது அலைந்து வாழும் வாழ்வையே தீர்க்கவேண்டிய சிக்கலாகக் கண்டது.

2017 மார்ச்சு 1 அன்றுதான் அயர்லாந்து அரசு அவர்களைத் தனி இனக்குழுவாக ஏற்றது. 2019இல் தகர வேலையும் கேமன் மொழியும் நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. வாளி அடைக்கக் கதவு தட்டுவோர் இன்றில்லை. தகரம் தட்டத் தெரிந்தோரும் மிகச் சிலரே. அம்மக்களோ தம்மைத் தம் மொழியில் ‘மின்கேர்’ என்றே சொல்லிக்கொள்கின்றனர்.