பரணில் கிடக்கும் பழைய துப்பாக்கி
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பிள்ளைகள் செல்போனில் ஒரு வகை வீடியோ விரும்பிப் பார்க்கிறார்கள். வெளிநாட்டில் ஒருவர் துருப்பிடித்த ராணுவத் துப்பாக்கியை வாங்கி, வேறு துப்பாக்கிகளில் கழற்றிய பாகங்களைப் பொருத்திப் புதிதாக்கிவிடுகிறார். அதைப் பார்த்த நம் குடியிருப்புக்காரர் ஒருவர் கேட்டார்: "தாத்தாவோட துப்பாக்கி ஊர் வீட்டுப் பரண்ல கிடக்கு சார். காயலாங்கடையில பார்ட்ஸ் தேடினா சரி பண்ணிடலாமா?" அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த வீடியோக்களில் அதிகம் வருவது லீ-என்ஃபீல்டு. நாம் 'த்ரீ நாட் த்ரீ' என்போமே, அதுதான். வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்தார்கள். இரண்டு உலகப் போர்களிலும் நம் சிப்பாய்கள் தோளில் அதுதான் இருந்தது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் அதற்கு விடை கொடுத்தது.

அதன் போல்ட்டிலும் உடற்பகுதியிலும் ஒரே எண் பொறித்திருக்கும். காரணம் உண்டு. தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி சுமார் 1.63 மில்லிமீட்டரிலிருந்து 1.88 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான். வேறு துப்பாக்கியின் போல்ட்டைப் போட்டால் அந்த அளவு மாறலாம். மிஞ்சினால் தோட்டாக் கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவர் முகத்துக்கே வரும். படைப் பணிமனையில் இதை அளவுக்கருவி வைத்துப் பார்ப்பார்கள். காயலாங்கடையில் எடைதான் பார்ப்பார்கள்.

அடுத்தது சட்டம். 1959 ஆயுதச் சட்டப்படி, வைத்திருக்க உரிமம் வேண்டும். பழுது பார்க்கத் தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் பழுது பார்த்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படிப்பட்டதா என்று நாமே தீர்மானித்துக்கொள்ள முடியாது. நாலு பாகம் போட்டால் சுடும் என்றால் அது ஆயுதம்தான்.

தாத்தா பெயரில் உரிமம் இருந்தது என்பீர்கள். பேங்க்கில் லாக்கர்காரர் இறந்துவிட்டால், மகன் என்று சொன்னவுடன் திறந்துவிடுவோமா? இங்கும் அப்படித்தான். தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு உரிமம் பெற்றால் திரும்ப வாங்கலாம். இல்லையேல் உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதலில் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

உரிமத்தோடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோல் உறையிலேயே வருடக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரம் இழுக்கும் என்று மேல்விஷாரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதனிட்ட தோலில் தங்கும் உப்பும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும். எண்ணெய் தொட்டுத் துடைத்து, உறைக்கு வெளியே, பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

பழைய ஆயுதம் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஆயுதங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது.

கேட்டவர் மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டார். உங்கள் வீட்டுப் பரணையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.