ஸ்ரீநிகேதனத்து ஏர்விழா
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுடன் காலங்கழிப்பவன் யான். கலையும் உழவும் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது தயங்கினேன். நூலறிவு கொண்டு பேச இயலாது. கண்டதையும் ஓரளவு படித்ததையும் கூறலாம் எனத் துணிந்தேன்.

தில்லியில் எமக்குப் பருவங்கள் பதிவேட்டின் வழியேதான் வருகின்றன. மூடுபனியால் வண்டிகள் பத்து மணி நேரம் பிந்தினால் அது தை. கோடைத் தனி வண்டியில் இடம் கேட்டு உறவினர் வீடு தேடி வந்தால் வைகாசி. சத் பூசைக்கு ஊர் செல்லும் பீகார் மக்கள் நடைமேடை கொள்ளாமல் நின்றால் ஐப்பசி. மழை எப்போது பெய்யவேண்டும் என்னும் கவலை எமக்கில்லை; பெய்தால் தண்டவாளத்தில் நீர் தேங்குமே என்னும் கவலைதான்!

இந்நிலையில், சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதம், பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு மனைவி மகளுடன் வங்காளம் சென்றேன். பர்த்வானில் வண்டி மாறிப் போல்பூரில் இறங்கினோம். சாந்திநிகேதனத்தை அறியாதார் இலர். 2023-ஆம் ஆண்டில் அஃது உலக மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கிருந்து சுமார் இரண்டு மைல் தொலைவில், சூருல் கிராமத்தையொட்டியுள்ள ஸ்ரீநிகேதனத்தைக் காணாமலே திரும்புவோர் பலர். என்னைக் கவர்ந்தது அதுவே.

கவியரசர் தாகூர் 1912-இல் அங்கே ஒரு பழைய மாளிகையையும் நிலத்தையும் விலைக்கு வாங்கினார். அதற்கு முன்னரே, 1906-இல், தம் மகன் இரதீந்திரநாதரை அமெரிக்காவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்திற்கு வேளாண்மை கற்க அனுப்பினார். பாரிஸ்டர் படிப்புக்குப் பிள்ளைகளைக் கப்பலேற்றிய காலத்தில் ஏர் படிக்க அனுப்பிய தந்தை அவர். பின்னர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்ற லெனார்டு எல்மிர்ஸ்டு என்னும் ஆங்கில இளைஞரை அழைத்துவந்தார். அவர் 1922 பிப்ரவரி 6-ஆம் நாள் மாணவர் சிலருடன் சூருலில் குடியேறினார்.

அவர் கற்பித்த முதற்பாடம் யாது தெரியுமா? கழிப்பறை வாளியைத் தாமே சுமந்துசென்று, குழியிலிட்டு, மண்மூடி உரமாக்குதல்! உயர்குலத்துப் பிள்ளைகள் அன்று எவ்வாறு முகஞ்சுளித்திருப்பர் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பிறகு நான் செய்திருப்பேனா என்று எண்ணிச் சிரிப்பை நிறுத்தினேன். கிராமத்தைப் பீடித்தவை குரங்கு, மலேரியா, ஒருவர்மேல் ஒருவர்க்குள்ள அவநம்பிக்கை ஆகிய மூன்றும் எனக் கண்டனர். முதலிரண்டிற்கும் வழியுண்டு. மூன்றாவதற்குத்தான் பாட்டும் கூத்தும் விழாவும் வேண்டியிருந்தன என்பது என் கருத்து.

அது வானம் பார்த்த செம்மண் பூமி. நெல் அறுவடையானபின் மாதக்கணக்கில் உழவனுக்கு வேலையிராது. அந்த வெற்றுக் காலத்திற்கென நெசவு, தோல் வேலை, அரக்கு வேலை முதலியவற்றைச் சிற்பபவனத்தில் கற்பித்தனர். இன்று நம் தாய்மார்கள் சாந்திநிகேதனப் பை என்று விரும்பி வாங்கும் பூவேலைத் தோற்பை அவ்வாறு பிறந்ததே. ஆண்டுதோறும் பிப்ரவரி 6-இல் கூடும் மாகமேளாவில் காய்கறியும் கைத்தறியும் அருகருகே காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

நாங்கள் கண்டது மழைக்கால விழா. சிராவண மாதம் 22-ஆம் நாள், கவிஞர் மறைந்த நாள், மரம் நடுவிழா. மறுநாள் ஸ்ரீநிகேதனத்தில் ஹலகர்ஷணம், அதாவது ஏர்விழா. இரண்டும் 1928-இல் தொடங்கியவை. மண்ணில் அரிசிமாக்கோலம் போலவே இருக்கும் ஆல்பனாக் கோலம், மலர்மாலை சூடிய எருதுகள், வேதமந்திரம், பாட்டு, பிறகு கலப்பை நிலத்தில் இறங்குகிறது. இக்காட்சியை ஓவியர் நந்தலால் போஸ் அங்கே சுவரோவியமாகத் தீட்டியுள்ளார். படத்தில் உள்ளதே எதிரிலும் நிகழக் காண்பது ஒரு தனி அனுபவம்.

குறையும் சொல்லவேண்டும். நான் கண்ட அன்று ஏர் பிடித்தவரினும் கைப்பேசி பிடித்தவரே மிகுதி. தொடக்க ஆண்டுகளில் நிலையத்திற்கு வேண்டிய பெரும்பணம், பின்னர் எல்மிர்ஸ்டை மணந்த டோரத்தி என்னும் அமெரிக்கச் செல்வியார் தந்தது. சுற்றுக் கிராமங்கள் தாமே தாங்கிய முயற்சி அன்று. அத்தம்பதியர் 1925-இல் இங்கிலாந்தில் டார்ட்டிங்டன் ஹால் என்னும் பண்ணையை வாங்கி, உழவையும் கலையையும் அங்கேயும் சேர்த்து வளர்த்தனர். வங்கத்து விதை கடல் கடந்து முளைத்தது எனலாம்.

விழா முடிந்து திரும்புகையில் என் மகள், "அப்பா, நம் ஊரில் இப்படி ஒன்று உண்டா?" என்றாள்.

உண்டம்மா, என்றேன். சித்திரையில் நல்லநாள் பார்த்துப் பொன்னேர் பூட்டுவர். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் ஏர்மங்கலப் பாட்டு பேசப்படுகிறது. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது என்றே ஒரு நூல் உண்டு, என்றெல்லாம் அடுக்கினேன். அவள் விடவில்லை: "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

பார்த்திருக்கிறேன். தஞ்சைப் பக்கத்தில் என் தந்தையாருக்கு ஆறு மா நிலம். மாட்டின் கொம்பில் மஞ்சள் பூசி, என் சிறு கையை மேழியின்மேல் வைத்து, அதன்மேல் தம் கையை வைத்து ஒரு சால் ஓட்டினார். எனக்கு அப்போது ஏழு வயது. நான் இரயில்வேயில் சேர்ந்தபின் நிலம் குத்தகைக்குப் போயிற்று. தங்கையின் திருமணத்தின்போது விலைக்கே போயிற்று. விற்கும்படி எழுதியவன் யானே. தந்தையார் மறுமொழி எழுதவில்லை, கையொப்பமிட்டு அனுப்பினார். இதனை அவளிடம் அன்று சொல்லவில்லை. இன்று முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஊரில் பெரியப்பா மகனுக்கு எழுதிக் கேட்டேன். மாடுகள் இல்லை, டிராக்டருக்குப் பொட்டிட்டுக் கற்பூரம் காட்டிப் பொன்னேர் பூட்டுவதாகவும், எங்கள் பழைய வயலை வாங்கியவரும் அவ்வாறே செய்வதாகவும் பதில் வந்தது. வரும் சித்திரைக்குப் பாஸ் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். விடுப்புத்தான் இன்னும் கிடைக்கவில்லை.