ஏற்றத்தில் வரும் இருமல்

(தோட்டக் கிளைத் தலைவர்மாருக்கும் மாதர் சங்கத்தினருக்குமான கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கும் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். முதலில் இருமலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. கேட்டு முடிக்கும்போது இதுவும் சங்கத்து வேலைதான் என்று உங்களுக்கே தெரியும்.

இருமல் நம் லயங்களுக்குப் புதிதில்லை. பனி, மழை, விறகுப் புகை, ஒரே காம்பராவில் ஆறேழு பேர். யாராவது இருமினால் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறோம். பலருக்கு அதோடு சரியாகிவிடுகிறது. ஆனால் இருதய வருத்தத்துக்குக் கிளினிக் போகிற ஒருவர், ஏற்றம் ஏறும்போதெல்லாம் இருமுகிறார் என்றால் அதைச் சளி என்று விட்டுவிடக் கூடாது. அந்த இருமலுக்குக் காரணம் தேட வேண்டும். தேடாமல் விட்ட ஒரு கதையைச் சொல்கிறோம். அதில் எங்கள் தவறும் இருக்கிறது.

எங்கள் டிவிஷனில் கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா. வயது 48. அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம். பெயர் வேண்டாம். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். மாதா மாதம் கிளினிக் போவார், குளிசை எடுப்பார். சில மாதங்கள் கழித்து இருமல் தொடங்கியது. கொழுந்தைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து மடுவத்துக்கு ஏறி வந்தால் போதும், குனிந்து நின்று இருமுவார். பின்னால் வருகிறவர்கள் முந்திப் போய்விடுவார்கள். கிலோ குறைந்தது. சில நாள் அரைப்பேர்தான் விழுந்தது.

லயத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? "அது சயரோகம்" என்றார்கள். அவருடைய தேத்தண்ணிக் கோப்பையைத் தனியாக வைத்தார்கள். அவர் சளிப் பரிசோதனைக்குப் போனார். நோய் இல்லை என்று முடிவு வந்தது. அந்தக் கோப்பை மட்டும் தனியாகவே இருந்தது.

பிறகு எங்களிடம் வந்தார். குளிசை உறைகளை வாசித்துச் சொல்லச் சொன்னார். ஓர் உறையில் எனாலாப்ரில் என்று எழுதியிருந்தது. அந்தக் குளிசையால் சிலருக்கு இருமல் வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தோம். கிளினிக்கில் அதைப் பார்த்து லொசார்ட்டன் என்ற வேறு குளிசைக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் தொண்டையில் இருந்த அரிப்பு போய்விட்டது. நாங்களும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டோம்.

ஆனால் ஏற்றத்தில் வரும் இருமல் போகவில்லை. ஒரு மாதம் கழித்து, நடு இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து இருமினார். வந்தது நுரை. 1990 அம்புலன்ஸில் கொண்டு போனார்கள். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. வாட்டில் ஒரு தாதி பொறுமையாக இருந்து ஒவ்வொரு உறையாக எடுத்து, "இதை எத்தனை மணிக்குக் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டாராம். மூத்திரம் போகிற குளிசை உறையை எடுத்தபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "வேலை நாளில் அதைக் குடிக்கிறதில்லை. மலையில் எங்கே போறது?" என்றார்.

அதுதான் காரணம், தோழர்களே. அந்தக் குளிசையைக் குடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் மூத்திரம் முட்டும். ஐந்தாறு மணித்தியாலம் திரும்பத் திரும்பப் போக வேண்டும். மலையில் மலசலகூடம் இல்லை. ஆண்கள் நடமாடுகிற இடம். அட்டையும் இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடித்து, மற்ற நாளெல்லாம் விட்டிருக்கிறார். உறையை வாசித்தது நாங்கள். "இதை ஒழுங்காகக் குடிக்கிறீர்களா, என்ன கஷ்டம்?" என்று நாங்கள் கேட்கவில்லை.

இருதயத்துக்கும் இருமலுக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம். இருதயம் ஒரு பம்பு. நெஞ்சிலிருந்து, அதாவது நுரையீரலிலிருந்து, வருகிற இரத்தத்தை இடது பக்கம் வாங்கி உடம்புக்கு அனுப்புகிறது. மாரடைப்பிலோ, நெடுநாள் பிரஷரிலோ அந்தப் பக்கம் பலவீனமானால், வருகிற இரத்தத்தை முழுதாகத் தள்ள முடியாது. கான் அடைத்தால் தண்ணீர் மேலே தேங்கி மண்ணில் ஊறுகிறதே, அதுபோல நுரையீரலில் நீர் ஊறுகிறது. சும்மா இருக்கும்போது சமாளிக்கும். ஏற்றம் ஏறினால் உடம்பு கூடுதல் இரத்தம் கேட்கிறது, தேக்கமும் கூடுகிறது. இருமலும் மூச்சிரைப்பும் சேர்ந்து வருகின்றன. மட்டமாகப் படுத்தாலும் அப்படித்தான். அதனால்தான் சிலர் இரண்டு மூன்று தலையணை வைத்துப் படுக்கிறார்கள்.

இருதய நோயாளிக்கு வருகிற எல்லா இருமலும் இதுவல்ல. எப்போது வருகிறது, எதோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம்.

முதலாவது, இப்போது சொன்ன நீர்த் தேக்கம். ஏறும்போதும் படுக்கும்போதும் வரும். கால் வீங்கும். அழுத்தினால் விரல் பதிந்த குழி நிற்கும். சாப்பாடு கூடாமலே இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறினால் அது சதையல்ல, நீர்.

இரண்டாவது, குளிசையால் வரும் இருமல். எனாலாப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில் ஆகியவை ஒரே வகை. இருதயத்துக்கு நல்ல மருந்துகள். ஆனால் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு வறட்டு இருமல் தரும், பெண்களுக்குக் கூடுதலாக. சளி இருக்காது, தொண்டை அரிக்கும். ஏறினாலும் வரும், உட்கார்ந்திருந்தாலும் வரும். குளிசை தொடங்கிச் சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். மாற்றினால் சில கிழமைகளில் போய்விடும். மாற்ற வேண்டியவர் வைத்தியர். நாமாக நிறுத்தினால் இருமலை விடப் பெரிய ஆபத்து வரும். ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம்: உதடு, நாக்கு, முகம் வீங்கினால் அடுத்த குளிசையைக் குடிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாவது, இழுப்பு. இது பெரும்பாலும் வேலையை நிறுத்திய பிறகு, ஐந்து பத்து நிமிடத்தில் கூடும். நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். அரை மணி, ஒரு மணித்தியாலத்தில் அடங்கும். குளிர் காற்றில் மோசமாகும். புரோப்பிரனலோல் போன்ற சில இருதயக் குளிசைகள் இழுப்புக்காரருக்கு மூச்சுக்குழாயை இறுக்கும். ஆகவே சின்ன வயதில் இழுப்பு இருந்திருந்தால் அதை வைத்தியரிடம் சொல்ல மறக்காதீர்கள். இத்தனை வருடம் அடுப்படியில் குடித்த விறகுப் புகையும், பீடி சுருட்டும்கூட நெஞ்சைக் கெடுத்திருக்கும்.

நான்காவது, சயரோகம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் யாராக இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஒழுங்காக மருந்தெடுத்தால் குணமாகும். கோப்பையைத் தனியாக வைப்பதால் யாருக்கும் நோய் குணமானதில்லை.

ஐந்தாவது, இளம் வயதினருக்கு. இருபது முப்பது வயதுப் பெண் ஏற்றத்தில் இருமி இரத்தம் துப்பினால், சயரோகத்தோடு இருதய வால்வையும் பார்க்க வேண்டும். சின்ன வயதில் தொண்டை நோவுக்குப் பிறகு வருகிற வாதக் காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிடும். பல வருடம் தெரியாமல் இருக்கும். கர்ப்பமாகும்போது உடம்பில் இரத்தம் கூடும், அப்போதுதான் வெளியே தெரியும். பாடசாலையில் நாங்கள் பிள்ளைகளைப் பார்க்கிறோம். தொண்டை நோவு வந்து, இரண்டு மூன்று கிழமையில் காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால் மாறி மாறி வீங்கினால், அது வளர்கிற வலியல்ல. எண்ணெய் பூசிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கே மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடச் சொன்னால், பிள்ளை ஓடியாடுகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும். அக்காவுக்கு இரண்டு இருமல் இருந்தது. ஒன்று குளிசையால், மற்றது நீரால். ஒன்றைக் கண்டதும் நாங்கள் நின்றுவிட்டோம். ஒரு காரணம் கிடைத்த பிறகும் இருமல் மிச்சமிருந்தால் இன்னும் தேட வேண்டும். எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் அதற்குத்தான். எது தேவை என்று வைத்தியர் முடிவு செய்ய நம்மிடமிருந்து சரியான தகவல் போக வேண்டும்.

அந்தத் தகவலை எப்படிக் கொடுப்பது? கிளினிக்கில் நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். நமக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். வைத்தியருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். "இருமுது" என்று மட்டும் சொன்னால் பாணி மருந்து கொடுத்து அனுப்புவார்கள். ஆகவே கிளினிக் நாளுக்கு முந்திய ஒரு கிழமை கவனித்து, ஒரு கொப்பியில் எழுதுங்கள். உங்களுக்கு எழுத வராவிட்டால் பிள்ளை எழுதட்டும். எந்த நேரம் இருமல் வருகிறது? ஏறும்போதா, நின்ற பிறகா, படுத்தாலா? சளி வருகிறதா, என்ன நிறம்? எத்தனை தலையணை? கால் வீக்கம் உண்டா? டிஸ்பென்சரித் தராசில் எடை எவ்வளவு? எந்தக் குளிசையை விட்டுவிட்டீர்கள், ஏன்? கடைசிக் கேள்வியை மறைக்காதீர்கள். ஏசுவார்கள் என்று பயந்து மறைத்தால், குளிசை போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டித் தருவார்கள். சிங்களத்தில் எழுதித் தர வேண்டுமானால் பாடசாலைக்கு வாருங்கள். குளிசை உறைகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டு போங்கள். கடையில் வாங்குகிற வலிக் குளிசையையும்தான். டைக்ளோபெனக், இபுபுரோபன் போன்றவை உடம்பில் நீரைத் தேக்கும். முதுகு வலிக்கு நாம் குடிப்பது நெஞ்சுக்குள் வேலை செய்கிறது. கருவாட்டு உப்பும் அப்படித்தான்.

சில அறிகுறிகளுக்குக் கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருந்தும் மூச்சு வாங்குவது, சிவந்த நுரை வருவது, நெஞ்சை அடைப்பது, உதடு நீலமாவது, மயங்கி விழுவது. உடனே 1990 அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காமல், காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். மயங்கிவிட்டால் மட்டும் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள்.

இனி சங்கத்து வேலைக்கு வருவோம். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது, குளிசை நேரத்தை வேலை முடிந்து வந்த பிறகு என்று வைத்தியர் மாற்றிக் கொடுத்தார். கேட்டிருந்தால் முன்பே மாற்றியிருப்பார்கள். எல்லோருக்கும் அப்படி மாற்ற முடியாது, ஆனால் கேட்கலாம். இப்போது அவர் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறார். அந்த மாற்றத்தை நிர்வாகம் தானாகத் தரவில்லை. தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் வைத்தியக் கடிதத்தோடு மூன்று முறை காரியாலயப் படி ஏற வேண்டியிருந்தது.

ஒரு அக்காவை மலையிலிருந்து இறக்கியது போதாது. மற்றவர்கள் இன்னும் மலையில்தான் நிற்கிறார்கள். ஆகவே நாம் மூன்று விஷயங்களைக் கேட்கிறோம். ஒவ்வொரு மலைக்கும் நடந்து போகக்கூடிய தூரத்தில், கதவும் தண்ணீரும் உள்ள மலசலகூடம் வேண்டும். கிளினிக் அட்டையைக் காட்டினால் அந்த நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. வைத்தியக் கடிதம் உள்ளவருக்கு ஏற்றமில்லாத வேலை முழுப்பேரோடு தர வேண்டும். "கிலோ குறைகிறது, சோம்பல்" என்று சொல்கிறவர்களுக்கு நம் பதில் இதுதான்: குறைவதற்குக் காரணம் இருக்கிறது, அதில் பாதிக் காரணம் உங்கள் மலையில் இருக்கிறது.

கிளைத் தலைவர்மாருக்கும் தலைவிமாருக்கும் ஒரு வேலை தருகிறோம். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் உங்கள் லயங்களில் இருதய வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குளிசை எடுக்கிற ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தியுங்கள். பெண்களிடம் தலைவிமார் பேசட்டும். இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: "ஏற்றத்தில் இருமல் வருகிறதா? வேலை நாளில் எந்தக் குளிசையையாவது விடுகிறீர்களா?" பெயர் எழுத வேண்டாம், எண்ணிக்கையைக் கொண்டு வாருங்கள். அந்த எண்ணிக்கையோடு நிர்வாகத்தின் முன் போய் உட்காருவோம். அன்றைக்கு நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வியை இனி எல்லோரும் கேட்போம்.