கங்கௌலிக்காரர்கள் எங்கே போவார்கள்?



"நாட்டைப் பிரித்தவர்கள் நீங்கள்தானே?" கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளையிடம் கேட்கிறார்கள். கல்லாவில் இருக்கும் வியாபாரியிடமும் கேட்கிறார்கள். ஒருவர் தலைகுனிகிறார், இன்னொருவர் சண்டைக்குப் போகிறார். இரண்டுக்கும் அவசியமே இல்லை. இன்று ஒரு நாவலைப் பற்றிச் சொல்கிறேன். ஹஜ்ரத் நாவல் பேசுகிறாரே என்று சிரிக்காதீர்கள்!

'ஆதா காவ்', அதாவது பாதி கிராமம். 1966ல் ஹிந்தியில் வந்தது. எழுதியவர் ராஹி மாசூம் ரஸா. அலிகரில் உருது கற்பித்தவர். 1988 முதல் 1990 வரை ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் மகாபாரதம் ஓடியதே, அதற்கு வசனம் எழுதியவரும் இவர்தான்.

உத்தரப் பிரதேசம் காஜிப்பூர் மாவட்டத்தில் இருக்கும் கங்கௌலிதான் கதை நடக்கும் ஊர், ரஸாவின் சொந்த ஊரும் அதுதான். அங்குள்ள ஷியா சையிது ஜமீன்தார்களின் முஹர்ரம்தான் கதையின் முதுகெலும்பு. தாஜியா ஊர்வலத்தில் ஹிந்துக்களும் பக்தியோடு சேர்கிறார்கள். மார்க்க ரீதியாக நமக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. அது வேறு பேச்சு. அந்த மக்கள் எப்படிக் கலந்து வாழ்ந்தார்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

அந்த ஊருக்கு அலிகர் மாணவர்கள் வருகிறார்கள், பாகிஸ்தானுக்கு ஓட்டுக் கேட்டு. உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய தன்னு என்ற வாலிபன் அவர்களை மடக்குகிறான். தொழுகிற முஸ்லிம்தான் நான். ஆனாலும் இந்த ஊர்தான் என் ஊர். பயத்திலும் வெறுப்பிலும் கட்டுகிற எதுவும் நன்மை தராது என்பது அவன் வாதம். படித்த மாணவர்களிடம் அதற்குப் பதில் இல்லை.

சகோதரர்களே, இன்னொரு விஷயமும் உண்டு. 1946 தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு இருந்ததா? இல்லை! 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து, வரி, படிப்பு உள்ளவருக்குத்தான் ஓட்டு. தறியில் உட்கார்ந்தவரிலும் ஏர் பிடித்தவரிலும் பெரும்பாலோர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. ஓட்டே இல்லாதவரின் பேரப்பிள்ளையிடம் இன்று கணக்குக் கேட்கிறார்கள்!

பிரிவினைக்குப் பிறகு என்ன ஆயிற்று? பையன்கள் பலர் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். ஊரில் பெண்களுக்கு மாப்பிள்ளை இல்லை. ஜமீன் ஒழிப்பும் வந்தது. நிலத்தை வைத்தே பெருமை பேசிய சையிதுகள் வாசல் திண்ணையில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள். ரஸா அவர்களுக்காக அழவில்லை. அவர்களுடைய ஜாதித் திமிரையும் தோலுரிக்கிறார்.

முன்னுரையை அவர் புத்தகத்தின் நடுவில் வைத்திருக்கிறார். முஸ்லிம்கள் வெளியிலிருந்து வந்தவர்கள், போகட்டும் என்பவர்களுக்கு அங்கேதான் பதில். நான் கங்கௌலிக்காரன், என்னை வெளியே போகச் சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை என்கிறார். கெஞ்சலும் இல்லை, சான்றிதழ் காட்டலும் இல்லை.

புத்தகத்தில் வசைச் சொற்கள் ஏராளம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹிந்தி தெரிந்தவர்கள் மூலத்தையே படியுங்கள். ஆங்கிலத்தில் ஜில்லியன் ரைட் மொழிபெயர்த்திருக்கிறார். படித்துவிட்டு வாருங்கள், தன்னுவைப் பற்றி இன்னும் பேசலாம்.